ஆட்டத்துக்கு அளிக்கும் நாள் யாருடையது?

‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அச்சொல்லைச் சற்றே பிரித்து நோக்கினால், அதனுள் ஒரு முரண் ஒளிந்திருப்பது விளங்கும். பொருளைப் போக்கினான் என்றால் இழந்தான் என்று கொள்கிறோம். பெயரைப் போக்கினான் என்றால் கெட்டான் என்று கொள்கிறோம். பொழுதைப் போக்கினான் என்றால் மட்டும் மகிழ்ந்தான் என்று கொள்கிறோம். பொருளும் பெயரும் போயினும் மீண்டும் ஈட்டலாம். போன பொழுதோ மீளாது. அவ்வாறிருக்க, மீளாத ஒன்றைப் போக்குவதை மகிழ்ச்சி என்று நாம் அழைப்பது எங்ஙனம்? இவ்வினாவைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுவர் ஆடுவதை எவரும் குறை கூறுவதில்லை. ஆட்டமே அவர்களுக்குக் கல்வி. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டோரையும் எவரும் குறை கூறுவதில்லை; அஃது அவர்களுக்குச் சோறு. இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாம் சாரார் ஒருவர் உளர். பணியும் இல்லமும் மக்களும் உடையவராய், ஊதியமும் புகழும் கருதாது, தம் விடுமுறை நாள்களை ஓர் ஆட்டத்துக்கு அளிப்பவர் அவர். ஆங்கிலத்தில் அவரை அமெச்சூர் என்பர். ‘அன்பு கொண்டவர்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு மொழி வழியாக வந்த பெயர் அது. அன்பு கொண்ட ஒன்றுக்கு ஒருவர் எவ்வளவு காலம் அளிக்கலாம் என்பதே நம் வினா. அதனை எடுத்துக்காட்டொன்றின் துணைகொண்டு ஆராய்வது எளிதாகும்.

அமெரிக்காவில் பெரிதும் ஆடப்படும் டிஸ்க் கோல்ஃப் என்னும் ஆட்டத்தை வாசகர்களுள் சிலர், அங்கே வாழும் தம் மக்கள் வாயிலாகக் கேள்வியுற்றிருக்கலாம். நாமும் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரியும் தம்பி மகன் வாயிலாகவே அதனை அறிந்தோம். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் வீழ்த்துவர். இதிலோ கையளவினதாகிய பிளாஸ்டிக் வட்டை எறிந்து, கம்பத்தில் பொருத்திய கூடையில் வீழ்த்த வேண்டும். கூடைக்கு மேல் தொங்கும் சங்கிலிகள் வட்டினைத் தடுத்துக் கூடைக்குள் விழச் செய்யும். குறைந்த எறிகளில் முடிப்பவரே வென்றவர். இவ்வாட்டத்துக்கென நிலையான முதல் திடல் 1975 ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அதனை அமைத்த எட் ஹெட்ரிக் என்பவரே சங்கிலிக் கூடையை உருவாக்கியவர். 1976 இல் இதற்கெனச் சங்கம் ஒன்றையும் அவர் தோற்றுவித்தார். திடல்களுள் பல பொதுப் பூங்காக்களில் உள்ளமையால் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. செல்வர்க்கே உரியது என்று பெயர் பெற்ற கோல்ஃப் ஆட்டத்தின் எளிய தங்கை இது எனலாம். 70 வயதைக் கடந்தோர்க்கும் போட்டியில் தனிப் பிரிவு உண்டு என்பதை, அவ்வயதினராகிய நாம் மகிழ்வுடன் குறிப்பிடுகிறோம்!

இனி, இவ்வாட்டத்தின் அமெச்சூர் போட்டி நாள் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆடுபவர் காலை 7 மணிக்குத் தம் இல்லத்தினின்று காரில் புறப்படுகிறார் என்று கொள்வோம். எட்டரை மணியளவில் திடலை அடைகிறார். 9 மணிக்கு அனைவரையும் கூட்டி விதிகளை நினைவூட்டுகின்றனர். பின்னர் நால்வர் நால்வராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு கூடையினின்று ஒரே வேளையில் தொடங்குகிறது. 18 கூடைகள் கொண்ட ஒரு சுற்று முடிய மூன்று மணிக்கு மேல் ஆகிறது. உண்டபின் மற்றொரு சுற்று. எண்ணிக்கைகளைச் சரிபார்த்துப் பரிசளித்து முடிக்க மாலை 5 மணியைக் கடந்துவிடும். இல்லம் திரும்பும்போது மணி 7. ஆகப் பன்னிரண்டு மணி நேரம். வென்றவர்க்கும் பணம் இல்லை. பெரும்பாலும் மேலும் சில வட்டுகளோ அவற்றை வாங்கிக்கொள்ளும் சீட்டோதான் பரிசு.

கணக்கு ஆசிரியர் இத்துடன் நிறுத்தமாட்டார். எறிவதற்கு ஒவ்வொருவருக்கும் விதி வழங்கும் நேரம் 30 நொடி. ஒரு சுற்றில் ஒருவர் ஏறத்தாழ 60 முறை எறிகிறார் என்று வைத்துக்கொண்டால், முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டாலும் அரை மணிதான் ஆகிறது. இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஒரு மணி. பன்னிரண்டு மணி நேரத்தை அளித்து ஒரு மணி நேரம் ஆடினார் என்றால், எஞ்சிய பதினொரு மணி நேரம் எங்கே போயிற்று? பயணத்திலும், நடப்பதிலும், காத்திருப்பதிலும், பிறர் எறிவதை நின்று காண்பதிலும், புதரில் விழுந்த வட்டினைத் தேடுவதிலும் போயிற்று.

இதனைக் கேட்டவுடன் ‘வீண் செயல்’ என்று தீர்ப்புரைக்கத் தோன்றும். ஆயினும் அத்தீர்ப்பை ஒத்திவைத்து, நம் இல்லத் திருமணங்களை எண்ணிப் பார்ப்போம். தாலி கட்டுதல் இமைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. அதற்காக மாதக் கணக்கில் ஓடுகிறோம். அவ்வோட்டத்தை வீண் என்று எவரும் கூறுவதில்லை. உறவினர் கூடியதும், ஒருவர்க்கொருவர் உதவியதும், பந்தலில் அமர்ந்து பேசியதும் திருமணத்தின் பகுதிகளே. அதுபோன்றே, அறிமுகமற்ற மூவருடன் மரநிழலில் நாள் முழுதும் நடந்து, அவர்தம் நல்ல எறியைப் பாராட்டி, தம் தவறான எறியைத் தாமே எண்ணிக் குறித்து, தோல்வியுற்றுக் கைகுலுக்கித் திரும்புவதும் ஆட்டத்தின் பகுதியே. வாரம் முழுதும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர்க்கு அந்நடை மருந்தாகவும் அமையும்.

ஓய்வுப் பொழுது இழிந்தது என்னும் கருத்து எல்லா நாட்டிலும் எக்காலத்திலும் இருந்ததில்லை. பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ என்னும் சொல்லே, ஓய்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. உழைப்பே ஓய்வின் பொருட்டு என்பது அரிஸ்டாட்டில் கொண்ட கருத்து. ஆயினும் அவர், ஓய்வை வெறும் விளையாட்டால் நிரப்புவதை ஏற்றாரில்லை. விளையாட்டு, உழைத்துக் களைத்தவர் மீண்டும் உழைப்பதற்கான மருந்து என்றே கருதினார். மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு என்பது பெறப்படும்.

அமெரிக்கத் தொழிலாளர்க்குச் சனி, ஞாயிறு என்னும் இரு நாள் ஓய்வும் எளிதில் வாய்த்ததன்று. எட்டு மணி நேர வேலை வேண்டி அவர்கள் பல்லாண்டு போராடினர். ஃபோர்டு தொழிற்சாலைகள் 1926 இல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்னும் முறையை மேற்கொண்டன. 1938 இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டத்தின்படி, 1940 முதல் வாரத்துக்கு 40 மணிக்கு மேற்பட்ட உழைப்புக்குக் கூடுதல் ஊதியம் அளிக்கும் கடமை ஏற்பட்டது. இன்று ஒருவர் சனிக்கிழமை காலையில் வட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார் என்றால், முன்னோர் பலர் போராடிப் பெற்ற நாளின்மீதுதான் அவர் நடக்கிறார்.

எனவே, ஆட்டத்துக்கு அளித்த நாள் வீண் அன்று என்பதே நம் முதல் முடிபு. ஆனால் வினா அத்துடன் தீரவில்லை. அளித்தவர் தம் நாளைத்தான் அளித்தாரா? அன்றி, பிறருடைய நாளையும் சேர்த்து அளித்தாரா?

இங்கே ஒரு வரலாற்று நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1621 ஆம் ஆண்டு, பிளிமத் குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு வழக்கம்போல் அனைவரையும் வேலைக்கு அழைத்தார். அக்குடியினர் அத்திருநாளைக் கொண்டாடுவதில்லை. புதிதாக வந்திருந்தோர் சிலர், அந்நாளில் உழைப்பது தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்றனர். ஆளுநரும் இசைந்து, ஏனையோருடன் வேலைக்குச் சென்றார். நண்பகலில் திரும்பியவர், விலகி நின்றோர் தெருவில் தண்டெறிந்தும் பந்தாடியும் மகிழ்வதைக் கண்டார். ஆட்டப் பொருள்களைப் பறித்துக்கொண்டு, பிறர் உழைக்க இவர்கள் விளையாடுவது தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று மறுமொழி கூறினார். பொருள்களைப் பறித்தது கடுமை எனலாம். ஆயினும் அவர் ஆட்டத்தை மட்டும் நோக்காமல், அந்நேரத்தில் உழைத்துக்கொண்டிருந்தவரையும் நோக்கினார். நாம் கற்க வேண்டுவது அப்பார்வையையே.

பிறருடைய நேரத்தைப் பேணும் நெறியை இவ்வாட்டத்தின் விதிகளே கற்பிக்கின்றன. தம் முறை வந்தபின் 30 நொடிக்குள் எறியாதவர்க்கு முதலில் எச்சரிக்கை. மறுமுறை, ஓர் எறி தண்டம். வட்டு காணாமற் போனால் குழுவினர் அனைவரும் சேர்ந்து தேடுவது கடமை. மூன்று நிமிடத்துக்குள் அகப்படாவிடில், தேடுவதை நிறுத்தி, தண்டம் ஏற்று ஆட்டத்தைத் தொடர வேண்டும். தாமதமாக வருபவர்க்கு, அவர் ஆடத் தவறிய ஒவ்வொரு கூடைக்கும் விதித்த எண்ணிக்கையுடன் நான்கு கூட்டி எழுதப்படும். இவ்விதிகளின் உட்பொருள் ஒன்றே. களத்தில் செலவாகும் நேரம் தனியொருவருடையது அன்று; நால்வருடையது; பின்னே காத்திருக்கும் குழுவினருடையதும் ஆகும்.

களத்தில் முப்பது நொடிக்குக் கணக்கு வைக்கும் அதே மனிதர், இல்லத்தில் பன்னிரண்டு மணிக்குக் கணக்கு வைக்கிறாரா? இதுவே நாம் கேட்க விரும்பும் வினா. அவர் திடலில் நிற்கும் வேளையில் குழந்தைக்கு உணவூட்டுபவர் யார்? கடைக்குச் செல்பவர் யார்? துணி துவைப்பவர் யார்? காய்ச்சலில் கிடக்கும் மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார்? அப்பன்னிரண்டு மணியும் இல்லத்தில் மற்றொருவருடைய கணக்கில் பற்றாக எழுதப்படுகின்றன. எழுதுபவர் இல்லாமையால் அப்பற்று எவர் கண்ணிலும் படுவதில்லை.

முன்னர்க் குறிப்பிட்ட தம்பி மகன் நல்ல பண்பினர். இல்லாளைக் கேளாமல் எப்போட்டிக்கும் பெயர் பதிவதில்லை. இதனைப் பாராட்டி அப்பெண்ணிடம் நாம் தொலைபேசியில் கூறியபோது, அவள் சிரித்துக்கொண்டே சொன்ன மறுமொழி நம் நெஞ்சில் நின்றுவிட்டது. “உண்மைதான் அத்தை. ‘நான் போகட்டுமா’ என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ‘நீ எப்போது போகப்போகிறாய்’ என்று ஒருமுறையும் கேட்டதில்லை.”

அவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையேதான் நம் வினாவின் விடை அடங்கியுள்ளது. முதற்கேள்வி இசைவு வேண்டுவது. மரியாதை அதில் உண்டு. இரண்டாவது கேள்வி பங்கு வழங்குவது. நீதி அதில்தான் உண்டு. இசைவு பெற்றமையாலேயே ஒரு பங்கீடு நேர்மையானதாகிவிடாது. வேண்டாம் என்று சொல்ல மனம் வராமலும், சொன்னால் பகை வருமோ என்று அஞ்சியும் அளித்த இசைவுகள் எத்தனையோ நம் இல்லங்களில் உள்ளன.

இது ஓர் இல்லத்தின் குறை அன்று. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளியியல் துறை 2003 முதல் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் ஆடவர்க்குக் கிடைக்கும் நேரம் பெண்டிர்க்குக் கிடைப்பதினும் மிகுதி என்பதே மீண்டும் மீண்டும் வெளிப்படும் செய்தி. நம் நாட்டின் நிலையோ இன்னும் வேறுபட்டது. 2019 ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அளித்தனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆடவர் அளித்தது 97 நிமிடமே. ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெறுவோர்க்கு மாலையிட்டு வாழ்த்துரை வழங்கும் விழாக்கள் பலவற்றைக் கண்டிருக்கிறோம். அவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஆசிரியை நேரே அடுக்களைக்குச் செல்வதையும் கண்டிருக்கிறோம். அடுக்களைக்கு ஓய்வு பெறும் வயது இன்னும் வகுக்கப்படவில்லை!

இங்கே சிலர் இரண்டு மறுப்புகளைக் கூறுவர். ‘வாரம் முழுதும் குடும்பத்துக்காகவே உழைக்கிறேன், ஒரு நாள் எனக்காக வேண்டாமா?’ என்பது முதலாவது. வேண்டும் என்பதே நம் விடை. ஆனால் வாரம் முழுதும் குடும்பத்துக்காக உழைப்பவர் அவ்வில்லத்தில் மற்றொருவரும் உளர். அவர்க்கும் அந்த ஒரு நாள் வேண்டும். ‘அவளுக்கு அத்தகைய விருப்பம் ஏதும் இல்லை’ என்பது இரண்டாவது. விருப்பம் என்பது ஓய்ந்த நேரத்தில் முளைப்பது. நீர் விடாத பாத்தியைக் காட்டி, இதில் ஏதும் முளைக்காது என்று கூறுவது முறையாகுமா? பாட்டோ, தையலோ, நூலகமோ, தோழியுடன் ஒரு நடையோ, ஒன்றும் செய்யாது சாய்ந்திருப்பதோ, எதுவாயினும் அதனை அவரே தேர்ந்துகொள்ளட்டும். பயன் காட்ட வேண்டும் என்னும் கட்டாயமும் வேண்டா. வட்டெறிபவரிடம் நாம் பயன் கேட்கவில்லையே!

ஆண்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆண்டுக்குப் பத்துப் போட்டிகள் என்றால் 120 மணி. வாரந்தோறும் ஒரு மாலை மூன்று மணிப் பயிற்சி, முப்பது வாரங்களுக்கு என்றால் 90 மணி. மொத்தம் 210 மணி. வாரத்துக்கு 40 மணி என்று பார்த்தால், ஐந்து வார உழைப்பினும் மிகுதி. இதனைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஓராண்டில் சனியும் ஞாயிறும் சேர்ந்து 104 நாள்கள் உள்ளன. அவற்றுள் பத்து நாள்கள் போட்டிக்கு என்றால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மற்றொருவர்க்கும் அவ்வாறே பத்து நாள்கள் ஒதுக்கினும் எண்பதுக்கு மேற்பட்ட நாள்கள் இருவர்க்கும் பொதுவாக எஞ்சி நிற்கின்றன. கணக்கு இடம் தருகிறது. மனந்தான் இடம் தர வேண்டும்.

அன்பினால் ஆடும் ஆட்டம் அளவு கடப்பதற்கு ஒரு வாயிலும் உண்டு. இச்சங்கத்தின் போட்டிகளில் ஆடும் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் அவர்தம் திறனைக் காட்டும் ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. 1000 என்பது உயர்ந்த திறனுக்கு அடையாளம். மதிப்பெண் என்றவுடன் ஆசிரியராகிய நமக்கு ஓர் அச்சம் உண்டு. கதை படிப்பதில் மகிழ்ந்த மாணவர், மதிப்பெண்ணுக்காகப் படிக்கத் தொடங்கியபின் மகிழ்ச்சியை இழப்பதைப் பல்லாண்டு கண்டவர் நாம். ஆடுபவரும் அவ்வெண்ணை ஐந்து கூட்டவேண்டி மற்றொரு போட்டி, அதற்கு மற்றொரு பயணம் என்று தொடர்வாராயின், ஆட்டம் ஊதியமற்ற மற்றொரு வேலையாகிவிடும். சோர்வுடன் சென்று சினத்துடன் திரும்புகிறார் என்றால், அன்பு கொண்டவர் என்னும் பெயர் அவர்க்குப் பொருந்தாது.

மற்றொரு கடனையும் மறத்தலாகாது. போட்டியை நடத்துபவர் பெரும்பாலும் தம்மைப் போன்ற ஓர் ஆர்வலரே. பூங்காத் துறையின் இசைவு பெறுவதும், பெயர்களைப் பதிவு செய்வதும், குழு பிரிப்பதும், விடியுமுன் திடலுக்கு வருவதும் அவர் பணி. பத்து நாள் ஆடுபவர், ஒரு நாளேனும் ஆடாமல் நின்று, பிறர் ஆடுவதற்குத் துணை செய்தால், வாங்கிய காலத்தில் சிறு பகுதியையாவது திருப்பியவர் ஆவார்.

ஆகவே, ஆட்டத்துக்கு அளிக்கும் காலம் தகுமா என்று அறிய மூன்று வினாக்கள் போதும் என்று கருதுகிறோம். நாம் ஆடும்போது உழைப்பவர் யார் என்பதை அறிவோமா? அவர்க்கும் நமக்கு இணையான ஒரு நாள் உண்டா? ஆடித் திரும்பும்போது சென்றபோதினும் நல்லவராய்த் திரும்புகிறோமா? இம்மூன்றுக்கும் தக்க விடை உண்டெனில், பன்னிரண்டு மணியும் நன்கு செலவிட்ட நேரமே. இல்லையெனில், அரை மணியும் மிகையே.

கடல் கடந்து வாழும் மக்களையுடைய பெற்றோர்க்கு ஒரு சொல். ஞாயிறன்று தொலைபேசியில் பேசும் மகன், நேற்றுப் போட்டிக்குச் சென்று வந்தேன் என்றால், ‘இந்த வயதில் உனக்கு ஆட்டம் என்ன’ என்று கடிந்துகொள்ள வேண்டா. ‘வென்றாயா’ என்று மட்டும் கேட்டு நிறுத்தவும் வேண்டா. மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேளுங்கள். பின்னர், மருமகளின் நாள் எது என்று கேளுங்கள். மகளின் கணவர் ஆடுபவராயின், அதே வினாவை மகளிடமே கேளுங்கள். அதற்கு உடனே ஒரு நாளின் பெயர் விடையாக வருமாயின், அவ்வில்லத்தைப் பற்றிக் கவலையுறாமல் உறங்கலாம்.